உவமை இல்லாதவனை உவமையால் உணர்தல்



கொல்லிமலைமேல் எழுந்தருளி அருள்பாலிக்கும் அறப்பளீசுவரப் பெருமானின் திருவடிகளையும், அன்னை அறம்வளர்த்த நாயகியின் திருவடிகளையும் வணங்கி இச்சொற்பொழிவு தொடங்குகிறது. 

திருக்கோயில் மண்டபங்களில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வழிபாடு முடிந்து, பாட்டி ஒருத்தி தூணோரம் அமர்ந்திருப்பாள். பேரன் அருகில் இருப்பான். பாட்டி தான் கேட்டறிந்த வல்வில் ஓரியின் கதையைச் சொல்லுவாள். "ஓரி ஓர் அம்பு விட்டான், அந்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்தது" என்பாள். பள்ளியில் படிக்கும் பேரன் சற்றே எண்ணிப் பார்த்து, "ஏன் ஆயா, ஓர் அம்பு எப்படி ஐந்தையும் துளைக்கும்?" என்று கேட்பான். பாட்டியிடம் விடை இராது. "பெரியவர்கள் சொன்னால் நம்ப வேண்டும்" என்பாள். பேரன் வாய் மூடிக்கொள்வான். ஆனால் அவன் உள்ளத்தில் அக்கதை அன்றே பொய்யாகிவிடும். அதனோடு பாட்டி பாடும் பதிகமும், அவள் சொல்லும் தலபுராணமும் ஒருசேரப் பொய்யென்று அவனுக்குத் தோன்றிவிடும்.

பாட்டியின் அன்பிலும் குறையில்லை. பேரனின் அறிவிலும் குறையில்லை. பாடலின் மொழியை எவ்வாறு கேட்க வேண்டும் என்பதை எவரும் அவ்விருவருக்கும் சொல்லித் தரவில்லை. குறை அங்கேதான் உள்ளது. அதைச் சொல்லித் தருவதே அணியிலக்கணம்.

அணி என்பது யாது?

அணி என்னும் சொல்லுக்கு அழகு என்றும் நகை என்றும் பொருள் கூறுவர். அது கேட்டுப் பலர், அணியென்பது செய்யுளுக்குப் பூட்டப்படும் நகை, கழற்றி வைத்தாலும் செய்யுள் குறைவுபடாது என்று எண்ணிவிடுகின்றனர். இது பொருந்தாது. தாலியும் அணிதான். அதைக் கழற்றினால் குறைவது அழகு மட்டுமா? சில அணிகள் உடலுக்கு அழகு தருவன; சில அணிகள் அணிந்தவர் யார் என்பதையே அறிவிப்பன. பாட்டின் அணி இரண்டாம் வகையைச் சார்ந்தது.

தமிழில் கிடைத்துள்ள முதல் இலக்கண நூலாகிய தொல்காப்பியம், பொருளதிகாரத்தில் உவமவியல் என ஓர் இயலையே வகுத்துள்ளது. ஏனைய அணிகளுக்கெல்லாம் தாயாக உவமையை அந்நூல் கொண்டது எனலாம். பின்னர்க் கி.பி. 12ஆம் நூற்றாண்டில், வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவித் தண்டியலங்காரம் தோன்றியது. அது பொருளணிகளை 35 என வகுத்துக் கூறியது. 16ஆம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயர், மாறன் என்னும் பெயருடைய நம்மாழ்வாரைப் போற்றும் முகமாக மாறனலங்காரம் இயற்றி, 64 அணிகளை விரித்தார். அணியிலக்கணமே பத்தி நூலாகவும் அமைந்தமைக்கு அந்நூல் சான்றாகும்.

எண்ணிக்கையைக் கண்டு அன்பர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. இலக்கணம் கல்லாதவரும் நாள்தோறும் அணியைக் கையாளுகின்றனர். கடுகடுப்பாகப் பேசி உள்ளன்பு காட்டும் பெரியவர் ஒருவரை, "அவர் பலாப்பழம் போன்றவர்" என்று மலைநாட்டார் சொன்னால் அது உவமை. மேலே முள், உள்ளே சுளை என்பதைக் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்கிறார். பனி மூடிய காலையில், "மலை இன்னும் போர்வையை எடுக்கவில்லை" என்று சொன்னால், இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் சொல்பவர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்கிறார், அது தற்குறிப்பேற்றம். அறப்பளீசுவரர் திருக்கோயிலின் அருகே ஐயாறு அருவியாக வீழ்கிறது. அவ்வருவிக்கு ஆகாய கங்கை என்று பெயர். கங்கை போன்ற அருவி என்றால் உவமை. கங்கையே இது என்றமையால் உருவகம். ஏறத்தாழ 1000 படிகள் இறங்கிச் சென்று நீராடி மீளும் அன்பர் எவரும், இது இமயத்துக் கங்கைதானா என்று வழக்குரைப்பதில்லை. ஈசன் சடையிலிருந்து இறங்கும் நீர் எவ்வளவு தூயதோ அவ்வளவு தூயது இந்நீர் என்னும் உணர்வோடு மூழ்கி எழுகின்றனர். அணியின் பயனை அவர்கள் அறிந்துள்ளனர். அதன் பெயரை மட்டும் அறியார்.

எப்பண்பால் ஒப்பு?

உவமையை உணர்வதற்கு மூன்று வினாக்கள் போதும். எப்பொருளைச் சொல்ல வந்தார்? எதனோடு ஒப்பிட்டார்? எப்பண்பால் ஒப்பிட்டார்? முதலாவது பொருள், இரண்டாவது உவமை, மூன்றாவது பொதுத்தன்மை எனப்படும். தொல்காப்பியர் இப்பொதுத்தன்மையை வினை, பயன், மெய், உரு என நான்காகக் கூறுவார். புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மழைபோலக் கொடுத்தான் என்பது பயன். துடிபோன்ற இடை என்பது மெய், அதாவது வடிவு. பவளம்போன்ற வாய் என்பது உரு, அதாவது நிறம்.

இம்மூன்றாம் வினாவைக் கேளாமல் விடுவதால்தான் பெரும்பிழைகள் நேர்கின்றன. புலிபோலப் பாய்ந்தான் என்றால் அவனுக்கு வால் உண்டா என்று கேட்பது அறியாமை. மழைபோலக் கொடுத்தான் என்றால் அவன் நனைத்தானா என்று கேட்பதும் அத்தகையதே. ஒப்புமை ஒரு பண்பில் நிற்கும்; எல்லாப் பண்பிலும் நில்லாது.

இதற்குக் கொல்லிமலையே சிறந்த சான்று தருகிறது. சங்கப் புலவர்கள் சிலர் இம்மலையை நினைந்தபோது கொல்லிப்பாவையையும் நினைந்தனர். மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வத்தால் அமைக்கப்பெற்ற பாவை அது என்பது அவர்கள் கூற்று. தலைவியின் சிறப்பைக் கூற அப்பாவையை உவமையாக எடுத்தாண்டனர். மேலோட்டமாகப் படிப்பவர், "அழகான பெண்; ஆகவே பாவை" என்று கடந்துவிடுவர். மூன்றாம் வினாவைக் கேட்டுப் படிப்பவருக்கோ வேறு வேறு பொருள்கள் புலப்படும்.

குறுந்தொகையின் 100ஆம் பாடல் கபிலருடையது. அதில் தலைவன், தான் விரும்பிய பெண் ஓரியது கொல்லிமலைப் பாவை போன்றவள் என்கிறான். உடனே அவளை அடைதல் அரிது என்றும் வருந்துகிறான். ஆகவே அங்குப் பாவையின் அழகோடு அதன் அருமையும் பொதுத்தன்மையாயிற்று. மலையின்மேல் உள்ள பாவையைக் காணலாம், கைக்கொள்ள இயலாது.

அந்நூலின் 89ஆம் பாடல் பரணருடையது. தலைவி உரலில் குற்றும்போது பாடும் பாட்டைக் கேட்டு அயலார் பழி தூற்றுகின்றனர். அதை எண்ணித் தோழி பேசுகிறாள். பொறையனது கொல்லியில் தெய்வம் அமைத்த பாவையைப் போன்ற மென்மையான இப்பெண் பாடிக் குற்றியதற்கா இத்துணைப் பேச்சு என்பது அவள் கருத்து. இங்கே பொதுத்தன்மை மென்மை, தீங்கறியாத இயல்பு.

நற்றிணையின் 201ஆம் பாடலும் பரணருடையதே. "அப்பெண் உனக்கு எளியள் அல்லள், அவளை மறந்துவிடு" என்று தோழன் இடித்துரைக்கிறான். தலைவன் மறுமொழி கூறுகிறான். காற்று மோதினும், கடுமழை பொழியினும், இடி விழினும், வேறு இடையூறுகள் பல தோன்றினும், நிலமே அதிரினும், கொல்லிப்பாவை தன் வடிவம் கெடுவதில்லை. அப்பாவையைப் போன்றவள் தன் நெஞ்சை விட்டுப் போக மாட்டாள் என்கிறான். இங்கே பொதுத்தன்மை அழகன்று, அருமையன்று, மென்மையுமன்று. நிலைபேறு ஆகும். வெளியே மலையில் பாவை நிற்பதுபோல, உள்ளே நெஞ்சில் அவள் நிற்கிறாள்.

பாவை ஒன்று, மலை ஒன்று, அவை உணர்த்திய பண்புகளோ மூன்று. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் படித்தால் மூன்று பாடல்களும் ஒரே பாடலாகிச் சுவை இழந்துவிடும்.

மற்றொரு நுட்பமும் இவ்வுவமைகளில் உண்டு. கபிலர் பாடலில் கொல்லி ஓரிக்கு உரியது. பரணரின் குறுந்தொகைப் பாடலில் அது சேரனாகிய பொறையனுக்கு உரியது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதை அகநானூற்றின் 209ஆம் பாடல் கூறுகிறது. ஓர் அரசன் வீழ்ந்து மலை கைமாறிய வரலாறு, காதலியைப் பாட வந்த உவமையின் அடைமொழிக்குள் தங்கியிருக்கிறது. அடைமொழியை அலங்காரமென்று ஒதுக்கியவர் அவ்வரலாற்றையும் ஒதுக்கியவர் ஆவார்.

இன்று மலைநாட்டு மக்கள் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவையாகவே போற்றி வழிபடுகின்றனர். சிரித்த முகத்தோடு தீயோரை மயக்கி அழிக்கும் பாவை என்று பிற்காலக் கதைகள் வழங்குகின்றன. மேற்கூறிய மூன்று சங்கப் பாடல்களிலும் பாவை கொல்லும் செய்தி இல்லை. அங்கே உவமையான பாவை, இங்கே அன்னையாகி அருள்கிறாள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பழிக்க வேண்டியதில்லை. ஒன்றின் பண்பை மற்றொன்றின்மேல் ஏற்றவும் வேண்டியதில்லை.

ஒப்புமை வேறு, சான்று வேறு

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடமையாகும். திண்ணனூர் நாடு என்னும் பெயரைக் கேட்டவுடன், சைவ அன்பர் உள்ளத்தில் கண்ணப்ப நாயனார் தோன்றுவார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் திண்ணன். அவரும் வேடர், இதுவும் மலைநாடு, ஆகவே இது அவர் ஊராகலாம் என்று சிலர் எண்ணக்கூடும். சேக்கிழார் பெருமான் கண்ணப்பரின் ஊரைப் பொத்தப்பி நாட்டு உடுப்பூர் எனத் தெளிவாகக் கூறியுள்ளார். பெயரொலி ஒத்திருப்பது மகிழ்ச்சி தரும் ஒப்புமை. அது கொண்டு, "இறைவனுக்குக் கண்ணையே கொடுத்த திண்ணனாரின் திண்மை இந்நாட்டார்க்கும் வாய்க்கட்டும்" என்று வாழ்த்தலாம், அது அணி. அது கொண்டே, "அவர் பிறந்த ஊர் இது" என்று முடிவு கூறினால் அது பிழை. அணி உணர்ந்தவர் உவமையையும் வரலாற்றையும் அதனதன் இடத்தில் வைப்பர். அவ்வாறு வைக்கத் தெரிந்தவரின் பத்தியை எந்த ஆராய்ச்சியும் அசைக்காது.

ஓரியின் அம்பு

இனிப் பேரன் கேட்ட வினாவுக்கு வருவோர்க்கு விடை புறநானூற்றில் உள்ளது. அந்நூலின் 152ஆம் பாடல் வன்பரணர் பாடியது. அம்பு முதலில் யானையை வீழ்த்துகிறது. பின்பு புலியை, பின்பு மானை, பின்பு பன்றியை. இறுதியாக அருகே புற்றில் இருந்த உடும்பின் உடலில் சென்று தங்குகிறது. உள்ளதை அதன் அளவுக்கு மேல் உயர்த்திக் கூறும் இம்முறை உயர்வு நவிற்சி எனப்படும். தண்டியலங்காரம் இதனை அதிசய அணி என வழங்கும்.

அவ்வாறாயின் புலவர் பொய் சொன்னாரா என்று கேட்கலாம். பொய் என்பது கேட்பவரை ஏமாற்றக் கூறுவது. உயர்வு நவிற்சி என்பது கூறுபவரும் கேட்பவரும் அறிந்தே ஒப்பி நிற்பது. "உன்னைத் தேடி உலகமெல்லாம் அலைந்தேன்" என்று தாய் மகனிடம் கூறினால், அவன் வரைபடத்தை எடுத்து வந்து எந்த எந்த நாடு என்று கேட்பானா? அவள் கூற்றில் தூரம் இல்லை, துயரம் உண்டு. அதுபோல வன்பரணர் கூற்றில் அம்பின் நீளத்தைத் தேடுதல் வேண்டா. வில்லாளியின் வலிமையையும், அதைக் கண்டவர் வியப்பையும் தேடுதல் வேண்டும்.

அப்பாடல் அதனோடு முடியவில்லை. வேட்டையாடி நிற்பவன் யார் என்று காண வந்த பாணர்கள் ஐயுறுகின்றனர். கூலிக்குக் கொல்லும் வேடனாகத் தோன்றவில்லை, செல்வனாகத் தோன்றுகிறான், மார்பில் ஆரம் தாழ்கிறது. இவன் ஓரிதானோ, பிறனோ என எண்ணுகின்றனர். இவ்வாறு ஐயுறுவதாகக் கூறுவதும் ஒரு நயமே. நேரே "இவன் ஓரி" என்று சொல்லியிருந்தால் ஒரு பெயரைக் கேட்டதோடு அமைந்துவிடும். ஐயமாகக் கூறியமையால், கேட்பவரும் பாணரோடு நின்று அவன் முகத்தை உற்று நோக்குகின்றனர்.

பின்னர்ப் பாணர்கள் இசைத்துப் பாடுகின்றனர். தலைவனைப் புகழும் சொல் தன்னையே சுட்டுவதாக அமைந்ததும் அவ்வீரன் நாணுகிறான். யானையும் புலியும் வீழ அசையாது நின்றவன், தன் புகழைக் கேட்டபோது நாணித் தலைகுனிகிறான். தான் வேட்டையாடிய மானிறைச்சியையும் மதுவையும் அளித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிகளையும் அள்ளி, காட்டு வழியிலேயே கொடுத்து அனுப்புகிறான்.

புலவர் அம்பை அத்துணை உயரத்திற்கு ஏற்றியது எதற்காக என்பது இப்போது விளங்கும். அவ்வளவு வலிமை உடையவனுக்கு இவ்வளவு நாணமா என்று வியக்க வைப்பதற்காகவே ஏற்றினார். பெருமை உயர்ந்தால்தான் பணிவு ஒளிரும். பேரன் இதனைக் கேட்டிருந்தால், அம்பைப் பற்றிய ஐயம் அவனுக்குத் தீர்ந்திருக்கும். அதனினும் மேலாக, புகழ் வரும்போது எவ்வாறு நிற்க வேண்டும் என்பதையும் கற்றிருப்பான். செம்மேட்டில் நிற்கும் ஓரியின் சிலையையும், ஆண்டுதோறும் ஆடித் திங்களில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவையும் காணும் இளையோர், அவன் வில்லோடு அவன் நாணத்தையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

இறைவனிடம் சொல்வது யாருக்காக?

அறப்பளீசுவரர் திருக்கோயில், அப்பரடிகளின் அடைவு திருத்தாண்டகத்தில் வைத்துப் பாடப்பெற்ற வைப்புத்தலம் ஆகும். பிற்காலத்தில் இப்பெருமான்மீது அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடினார். மனையாள், மக்கள், உடன்பிறந்தார், ஆசிரியர், மாணாக்கர் என உலகியல் வாழ்வுக்கு வேண்டிய நீதிகளை அந்நூல் தொகுத்துக் கூறுகிறது. ஒவ்வொரு செய்யுளின் முடிவிலும், மதவேள் என்னும் தலைவன் நாள்தோறும் நினைந்து வணங்கும் சதுரகிரி இறைவன் என்று பெருமானை விளித்து நிறைவு செய்கிறார் புலவர். சதுரகிரி என்பது இங்குக் கொல்லிமலையைக் குறிக்கும்.

நல்ல மாணாக்கன் எவ்வாறு இருப்பான் என்பதை இறைவனுக்கா சொல்ல வேண்டும்? எல்லாம் அறிந்தவனுக்கு நீதி புகட்டுவது எதற்கு? இங்கும் ஒரு நயம் உள்ளது. சங்க அகப்பாடல்களில், தலைவன் வேலிப்புறத்தே வந்து நிற்பதை அறிந்த தோழி, அவனிடம் நேரே பேசாமல் தலைவியிடம் பேசுவாள். சொல்வது தலைவிக்கு, கேட்க வேண்டியவன் தலைவன். இதனைச் சிறைப்புறம் என்பர். சதகத்திலும் அவ்வாறே கொள்ளலாம். சொல்வது இறைவன் திருமுன். கேட்க வேண்டியவர் அருகே கைகூப்பி நிற்கும் அன்பர். நேரே "நீ இவ்வாறு நட" என்றால் மனிதர்க்குச் சினம் வரும். இறைவனிடம் சொல்வதைக் கேட்க நேர்ந்தால் நாணம் வரும். சினம் திருத்தாது, நாணம் திருத்தும்.

இதுபோலவே இகழ்வது போலப் புகழ்வதும், வாழ்த்துவது போல முறையிடுவதும் அருளாளர் வாக்கில் உண்டு. சபதம் தவறியதனால் இரு கண்ணொளியும் இழந்த சுந்தரமூர்த்தி நாயனார், காஞ்சியில் இடக்கண் பெற்றார். திருவாரூரை அடைந்து, அடியவர் துன்புறும்போது நீர் மட்டும் நலமாக இரும் என்னும் கருத்தமைய இறைவனைப் பாடினார். சொல் வடிவில் அது வாழ்த்து. உள்ளே அது தோழன் தோழனிடம் கொள்ளும் ஊடல். சொல்லை மட்டும் கேட்பவர், அடியவர் இறைவனை இவ்வாறு கூறலாமா என்று திகைப்பர். உள்ளத்தைக் கேட்பவர், இவ்வளவு உரிமையோடு பேசத்தக்க அன்பும் ஒன்று உண்டோ என்று உருகுவர். பெருமான் உள்ளத்தைக் கேட்டார், வலக்கண்ணையும் அளித்தார்.

உவமையற்றவனுக்கு உவமை

இறுதியாக ஒரு வினா எஞ்சுகிறது. உவமை எப்போதும் உயர்ந்த பொருளாகவே இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. முகத்தை மதியோடு ஒப்பிடுவது மதி உயர்ந்ததாதலால். இறைவனைவிட உயர்ந்த பொருள் எது? ஒன்றும் இல்லை. ஆகவே அவனுக்கு உவமையும் இல்லை. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தின் ஏழாம் குறளில் இறைவனை உவமையற்றவன் என்றே கூறினார்.

ஆயினும் அதே வள்ளுவர், அதே அதிகாரத்தில், முதற் குறளிலேயே எழுத்துகளுக்கு அகரம் முதலாதலை எடுத்துக்காட்டி, உலகுக்கு இறைவன் முதல் என்றார். பத்தாம் குறளில் பிறவியைக் கடலாக உருவகம் செய்தார். உவமை இல்லை என்றவர் உவமையும் உருவகமும் கையாண்டது எங்ஙனம் பொருந்தும்?

பொருந்தும். உவமை இறைவனை அளப்பதற்கு வந்ததன்று. அறியாத உயிர் பற்றிக்கொண்டு ஏறுவதற்கு வந்தது. குழந்தைக்கு நிலவைக் காட்டும் தாய் தன் விரலை நீட்டுகிறாள். விரல் நிலவன்று. விரலின்றிக் குழந்தை நிலவை நோக்குவதும் இல்லை. விரலையே நிலவென்று பிடித்துக்கொண்டால் ஒரு பிழை; விரல் நிலவன்று எனக் கூறி விரலைத் தட்டிவிட்டால் மற்றொரு பிழை. பாட்டியின் பிழை முன்னது. பேரனின் பிழை பின்னது.

பத்தாம் குறளில் இன்னும் ஓர் அருமை உண்டு. பிறவியைக் கடல் என்று உருவகம் செய்த வள்ளுவர், அதைக் கடப்பதற்குத் துணையான இறைவன் திருவடியைத் தெப்பம் என்று உருவகம் செய்யாமல் விட்டுவிட்டார். ஒன்றை உருவகப்படுத்தி மற்றொன்றை விட்டுவிடும் இதனை ஏகதேச உருவகம் என்பர். விட்டது மறதியால் அன்று. கடலைக் காட்டியபின், தெப்பத்தைத் தேடிக் கண்டுகொள்வது கேட்பவன் கடமை. நீந்துகின்றவன் தானே கைநீட்டிப் பற்ற வேண்டிய தெப்பம் அது. பிறர் அவனுக்காகப் பற்றித் தர இயலாது.

ஆகவே அன்பர்களே, பதிகம் பாடும்போதும் தலபுராணம் கேட்கும்போதும், வியப்பான கூற்று ஒன்று வந்தால் அங்கே சற்று நிற்றல் வேண்டும். எதைச் சொல்ல வந்தார், எதனோடு ஒப்பிட்டார், எப்பண்பால் ஒப்பிட்டார், எதற்காக இவ்வளவு உயர்த்தினார் என்று வினவுதல் வேண்டும். பிள்ளைகள் ஐயம் கேட்டால் அவர்களை அடக்குதல் கூடாது. விடை தெரியாவிடில், "இருவரும் சேர்ந்து கேட்டறிவோம்" என்று கூறி, அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். ஐயம் கேட்கும் பிள்ளை கோயிலுக்குப் பகைவன் அல்லன். கேளாமலே விலகிச் செல்லும் பிள்ளைக்காகவே கவலைப்பட வேண்டும்.

காற்றும் மழையும் இடியும் அசைக்க இயலாத பாவை இம்மலையில் நிற்பதாகப் பரணர் கண்டார்; அதைக் கொண்டு நெஞ்சை விட்டு நீங்காத ஒருத்தியைப் பாடினார். பொருள் உணர்ந்து ஓதப்பெறும் பாடலும் அத்தகையதே. பொருள் உணராது ஓதிய பாடல், ஒரு சிறுவனின் ஒரு வினாவில் உதிர்ந்துவிடும். பொருள் உணர்ந்து ஓதிய பாடலோ, எத்துணை வினாக்கள் மோதினும் நெஞ்சில் நிலைத்து நிற்கும். அத்தகைய நிலைபேற்றை அறப்பளீசுவரப் பெருமானும் அன்னை அறம்வளர்த்த நாயகியும் அனைவர்க்கும் அருள்வார்களாக!

திருச்சிற்றம்பலம்.